மடிப்பு வைத்துத் தைத்த கொடிகள்

மிஸ், இன்று காலை அமெரிக்கா என் மடியில் விழுந்தது.

பயப்படாதீர்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி மாம்பழக் கலர் ஜாக்கெட்டுக்குச் சிவப்பில் பைப்பிங் வைக்கச் சொன்னாள். சிவப்புத் துண்டு தேடிப் பழைய பிஸ்கெட் டப்பாவைக் கவிழ்த்தேன். துண்டுத் துணிகளுக்கு நடுவிலிருந்து மினுமினுவென்று அது வந்து விழுந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட உள்ளங்கை அளவுக் கொடி. நட்சத்திரம் தைக்க வராமல் நீலத் துணியில் சம்கி வைத்துத் தைத்தேனே, அதேதான். டப்பாவின் பாச்சை உருண்டை வாசனை அதில் ஏறியிருந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா, விசா வேலையும் பாக்கறீங்களா?" என்றாள். "இல்லம்மா, இது நிச்சயம் பண்ணிட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்காம சுத்தினு கீற மாப்ள" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்து சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அதனால் அவளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, மிஷினை ஓரம் தள்ளி, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுவது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழிக்காதீர்கள்.

மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்று தாம்பரமே பேசிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நீங்கள் முதன்முதலில் என் கடைக்கு வந்தீர்கள். கிழக்குப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திவிட்டு, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, மேற்குப் பக்கம் மார்க்கெட் சந்துக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அளவு ஜாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "உள்ள நல்லா துணி விட்டுத் தைங்கம்மா" என்றீர்கள். நான் துணி விட்டு, உள்ளே மூன்று வரிசை தையல் போட்டுக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு வரிசை பிரிக்க வருவீர்கள். "மிஸ், இப்படியே போனா அடுத்தது பொடவையத்தான் பிரிக்கணும்" என்று சொன்ன அன்றைக்கு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் பார்த்திருக்க முடியாத ஒரு சிரிப்பு சிரித்தீர்கள். நமக்குள் ஒரே வயது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்போதிருந்து நான் சரோஜா, நீ, வா, போ. நீங்கள் மட்டும் எனக்கு மிஸ்தான். அந்தப் பெயர் உங்கள் முகத்தில் ஒட்டியிருந்தது, நான் என்ன செய்ய?

சனிக்கிழமை சாயந்திரங்களில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஹாலில் நீங்களும் வேறு சில பெண்களும் கூட்டம் போடுவீர்கள். புருஷன் அடித்துத் துரத்தினவள், சொத்தில் பாகம் கிடைக்காதவள், பிரசவத்துக்குப் போய் வந்ததும் வேலை போனவள் என்று யாராவது வருவார்கள். எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவீர்கள். ஒரு வருஷம் மகளிர் தினத்துக்கு நீங்கள் ஒரு யோசனையோடு வந்தீர்கள். உலகத்து நாடுகள் எல்லாம் சேர்ந்து, பெண் என்பதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது, தாழ்த்தக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதில் சேர்ந்த நாடுகளின் கொடிகளை எல்லாம் ஒரே நாடாவில் கோத்து ஹாலில் தோரணமாகக் கட்ட வேண்டும். பேப்பர்க் கொடி வேண்டாம், மழையில் நனைந்தாலும் அடுத்த வருஷத்துக்கு இருக்க வேண்டும். கொடிப் படம் எல்லாம் போட்ட அட்லஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். சேர்ந்த நாடுகளை அப்புறம் வந்து சொல்கிறேன் என்றீர்கள்.

அப்புறம் என்றால் எனக்குப் பொறுக்குமா? எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டுக் கொடி அமெரிக்காதான். பஜாரில் தொங்குகிற டீ ஷர்ட்டில் பாதி அதுதானே. லைனிங் துணியில் பட்டை வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சம்கி வைத்துத் தைத்தேன். அந்த நேரத்தில் நாலு ஜாக்கெட் தைத்திருக்கலாம். நீங்கள் வந்ததும் கல்யாணப் பெண்ணைக் காட்டுவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். வாயைப் பொத்திக்கொண்டீர்கள்.

"சரோஜா, இந்த நாடு இன்னும் சேரலம்மா."

"இன்னா மிஸ் சொல்றீங்க? இவ்ளோ பெரிய நாடு."

"கையெழுத்துப் போட்டாங்க. ஆனா அவங்க நாட்டு சபையில வெச்சு உறுதி பண்ணல. கையெழுத்து மட்டும் போதாது."

"அப்ப நிச்சயதார்த்தம் முடிஞ்சிது, தாலி கட்டல."

"அதேதான்."

"அதுக்குள்ள நான் முகூர்த்தப் பொடவைய தெச்சிட்டேன்."

அமெரிக்கா டப்பாவுக்குள் போனது அப்படித்தான். தூக்கிப் போட எனக்கு மனசில்லை. என்றைக்காவது நாள் குறிப்பார்கள், வைத்திரு என்று நீங்களும் சொன்னீர்கள்.

மற்ற கொடிகளைத் தைக்கத் தைக்க எனக்கு உலகம் பழகிவிட்டது. முதல் வருஷம் ஒரு நாடா அளவுக்குத்தான் முடிந்தது. நீங்கள் நாட்டின் பெயரைச் சொல்லி, அது எந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி, அப்புறம் சில நாடுகளுக்கு மட்டும் குரலைத் தாழ்த்தி, "இவங்க சேர்ந்திருக்காங்க, ஆனா..." என்று இழுப்பீர்கள். அது என்ன ஆனா என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் சேரும்போதே, இந்த ஒரு விஷயம் எங்களைக் கட்டாது என்று எழுதி வைத்துவிட்டுச் சேரலாமாம். ஒரு நாடு, ஓட்டுரிமை ஆணுக்கு மட்டும்தான் என்கிறது. இன்னொரு நாடு, பிள்ளைக்கு அப்பாவின் நாடுதான் நாடு என்கிறது. நிறைய பேர் கல்யாண விஷயத்தில் மட்டும் கை வைக்காதே என்கிறார்கள். நான் கேட்டுவிட்டு, கையில் இருந்த கொடியின் ஓரத்தை உள்ளே மடித்து, ஊசியால் ஒரு ஓட்டுத் தையல் போட்டேன். கொடி ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது.

"இன்னா மிஸ் பெரிய விஷயம், உள்ள மடிச்சு தெச்சிருக்காங்க. உடம்பு பெருத்ததும் பிரிச்சு விட்டுப்பாங்க. உங்க ஜாக்கெட்டு மாதிரி."

நீங்கள் அந்தக் கொடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு, உண்மையாகவே அப்படித்தான், எந்த நாடும் தான் போட்ட ஆனாலை எப்போது வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம், நிறைய நாடுகள் வாங்கியும் இருக்கின்றன என்றீர்கள். அன்றிலிருந்து நம்முடைய தோரணத்துக்கு அதுதான் சட்டம். 'ஆனால்' போட்ட நாட்டுக்கு மடிப்பு. வாபஸ் வாங்கினால் பிரித்துவிடுவது. நம் நாட்டுக் கொடி வந்தபோது, "நம்மளுக்கு?" என்றேன். இருக்கிறது என்றீர்கள். ஒவ்வொரு சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அவர்களாகக் கேட்காமல் தலையிட மாட்டோம் என்று ஒன்று. கல்யாணத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்வது நல்லதுதான், ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் நடக்கிற காரியமா என்று ஒன்று. அது வாஸ்தவம்தான், என் கல்யாணத்துக்கே ரேஷன் கார்டுதான் சாட்சி என்றேன். ஆனால் தேசியக் கொடியில் மடிப்பு வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டீர்கள். அப்போ மத்தவங்க கொடியில மட்டும் வெக்கலாமா என்று கேட்டதற்கு, "அவங்க யாரும் தாம்பரம் வரப்போறதில்ல, நீ தை" என்றீர்கள். நம் கொடியை முழுதாகத் தைத்து, அதைக் கோத்த நாடாவில் மட்டும் மடிப்பு வைத்தோம்.

அந்தப் பேச்சில் இன்னொன்றும் கேட்டேன். யார் வேண்டுமானாலும் என்ன 'ஆனால்' வேண்டுமானாலும் போடலாமா என்று. கூடாது, ஒப்பந்தத்தின் உயிரையே எடுக்கிற ஆனால் போடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது என்றீர்கள்.

"மீறிப் போட்டா?"

"மத்த நாடுங்க ஆட்சேபம் சொல்லலாம்."

"சொன்னா கேப்பாங்களா?"

"கேக்கணும்னு இல்ல. ஆனா சொன்னது பதிவாகும், சரோஜா. யாரும் சும்மா இருந்துடலன்னு தெரியும்."

நீங்கள் ஏதோ பாடம் நடத்துகிற மாதிரிதான் சொன்னீர்கள். அது என் தலையில் எங்கே போய் உட்கார்ந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மகளிர் தினம் அமோகமாக முடிந்தது. அதற்கு அடுத்த மாதம் நீங்கள் ஒரு பட்டுத் துணியோடு வந்தீர்கள். அரக்கு நிறம், மெல்லிசாகச் சரிகைக் கரை. யாருக்கு என்று கேட்டேன். உங்கள் கன்னம் துணியின் நிறத்துக்குப் போனது. அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டு, அவர்கள் போன பிறகு ஒரு வாடகைப் போர்ஷனில் தனியாக இருந்த உங்களுக்கு, உங்கள் வேதக்கோயில் சபையிலேயே ஒரு வரன் வந்திருந்தது. ஜெயசீலன் சார். விமானப்படை ஆபீசில் கிளார்க், ரிட்டயர் ஆக ஒரு வருஷம். மனைவி தவறி ரொம்ப நாளாகிறது, ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில். பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கமாகச் சொந்த வீடு. கோயிலில் உங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து சுருதி சேராமல் பாடுகிறவர். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நாற்பத்தேழு வயதுக் கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் தைக்கிற பாக்கியம் எந்த டெய்லருக்குக் கிடைக்கும்? கேலி பண்ணிப் பண்ணி உங்களை ஒரு வழியாக்கினேன். நீங்களும் வாங்கிக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்ததும், தாழ்ந்த குரலில் சொன்னீர்கள்.

"எல்லாம் நல்ல மனுஷர்தான் சரோஜா. ஆனா வேலைய விட்டுடணும்னு சொல்றார். அடுத்த மாசம் ராஜினாமா குடுக்கணும்."

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். வேலையை விட்டுவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இருப்பேன், ஏரி இருக்கிறது, நல்ல காற்று வரும் என்றீர்கள். ஏரியில் இருக்கிற கொக்குக்குப் பூகோளம் நடத்துவீர்களா என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"நீதானே சொன்னே? மடிப்போட சேரலாம், அப்புறம் பிரிச்சுக்கலாம்னு."

என் பேச்சையே எடுத்து என் வாயை அடைத்தீர்கள். ஆனால் துணி விஷயத்தில் என்னை யாரும் மடக்க முடியாது. மேஜையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து மடித்துக் காட்டினேன். இன்னொரு துண்டை எடுத்து நறுக்கென்று வெட்டினேன்.

"மடிப்பு வேற, வெட்டு வேற மிஸ். மடிச்சா துணி உள்ளயே கீது. வெட்டிப் போட்டுட்டா எதப் பிரிப்பீங்க? ராஜினாமா குடுத்த வேலைய நாளைக்கு வூட்டாண்ட கொண்டாந்து குடுப்பாங்களா?"

நீங்கள் வெட்டிய துண்டைக் கையில் எடுத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பிறகு, "எனக்கு நாப்பத்தேழு வயசு. இதுக்கு மேல நிபந்தனை இல்லாம யார் வருவாங்க?" என்றீர்கள். நான் பட்டுத் துணியை வெட்டாமல் மடித்து அலமாரியில் வைத்தேன். பிள்ளைகள் இல்லாத உங்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்ன என்று எனக்குத் தெரியும். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதுகூட, ஏதாவது ஒரு பெண் பிள்ளை ஓடிவந்து, "மிஸ், நான் இப்ப காட்டாங்குளத்தூர் காலேஜ்ல படிக்கிறேன்" என்று சொன்னால், உங்கள் முதுகு நிமிரும். அளவெடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள், முதல் வாரம் நீ வந்தே ஆக வேண்டும் என்று கூப்பிட்டிருந்தீர்கள். நானும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா பாட்டுப் புஸ்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்கள். பாஸ்டர் ஐயா உங்கள் பெயரையும் சார் பெயரையும் தகப்பன்மார் பெயரோடு வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இது முதல் முறை வாசிப்பு என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இதற்குத் தடை ஏதும் உண்டென்று யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்கலாம் என்றும் சொன்னார்.

சத்தியமாகச் சொல்கிறேன் மிஸ், கேட்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் கல்யாணங்களில் எல்லாம் கெட்டி மேளம் கொட்டி, தும்மல் சத்தம்கூடக் கேட்காமல் அமுக்கிவிடுவார்கள். இங்கே என்னடா என்றால் மரியாதையாக, நிறுத்தி, எல்லோரையும் பார்த்துக் கேட்கிறார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அங்கே யாருமே பதில் சொன்னதில்லை, அது வாசிக்கிற வழக்கம் மட்டும்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கேட்பார்கள் என்றில்லை, ஆனால் சொன்னது பதிவாகும் என்று நீங்கள் சொன்னது மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒண்ணு கீது ஐயா."

கோயில் முழுக்கத் திரும்பியது. நான்காவது வரிசையில் உங்கள் பின்னங்கழுத்து சிவந்தது எனக்குக் கடைசி பெஞ்சிலிருந்தே தெரிந்தது. பாஸ்டர் ஐயா மூக்குக் கண்ணாடியை இறக்கி, "நீங்க யாரும்மா?" என்றார்.

"மிஸ்ஸோட டெய்லர் ஐயா."

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஐயா நல்ல மனிதர். ஆராதனை முடிந்ததும் பின்னால் அவருடைய அறைக்கு வரச் சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பாட்டு எத்தனை சரணம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சின்ன அறையில் நாம் நான்கு பேர். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தடை என்றால் முன்னமே கல்யாணமாகித் துணை உயிரோடு இருப்பது, வயது பத்தாமல் இருப்பது, மணமுடிக்கக் கூடாத ரத்த உறவாக இருப்பது, அந்த மாதிரி ஏதாவது தெரியுமா என்று பாஸ்டர் ஐயா பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் இல்லை ஐயா, மாப்பிள்ளை ஒரு ஆனால் போட்டிருக்கிறார், அது உயிரை எடுக்கிற ஆனால், அதுதான் என் ஆட்சேபம் என்றேன். ஐயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயசீலன் சார்தான், "என்ன ஆனால்?" என்றார். நான் சொன்னேன். அவர் ஆச்சரியமாக உங்கள் பக்கம் திரும்பினார். அவர் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாராம். நீங்கள் உடனே சரி என்றதால், உங்களுக்கே ஓய்வு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அதற்காகத்தான் என்று கையைப் பிசைந்தார். பிறகு, யாரும் உங்களிடம் அதுவரை கேட்காத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு ஸ்கூலுக்குப் போகணுமா?"

நீங்கள் மேஜைமேல் இருந்த காணிக்கைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன், எந்தச் சாமி என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களிடம்.

"போகணும்" என்றீர்கள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ரிட்டயர் ஆகற வரைக்கும் போகணும். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அதுக்கப்புறமும் போகணும்" என்றீர்கள். அந்தக் குரல் வகுப்பறைக் குரல். பாஸ்டர் ஐயாவே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சார் உடனே தலையாட்டிவிடவில்லை. யோசிக்க வேண்டும் என்றார். அது எனக்குப் பிடித்தது. உடனே தலையாட்டுகிறவன் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவான். ஆனால் அந்த வாரம் முழுக்க நீங்கள் கடைப் பக்கம் வரவில்லை. அரக்கு ஜாக்கெட் வெட்டாமல் அலமாரியில் கிடந்தது. உங்கள் கல்யாணத்தை நானே பிரித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. என் வீட்டுக்காரர், வாயை வெச்சுகினு சும்மா இருந்திருக்கலாம்ல என்றார். சும்மா இருந்திருந்தால் இன்னும் மோசமாகத்தான் இருந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெயசீலன் சார் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். லேடீஸ் டெய்லர் கடைக்குள் நுழைகிற ஆம்பளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்ப்பானே, அப்படியே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வாபஸ் வாங்கிட்டேன்மா. அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். நீங்க எதையோ பிரிப்பீங்கன்னு சொன்னாங்க. பிரிச்சிடுங்க."

எதைப் பிரிப்பது? அவருக்குத்தான் கொடியே கிடையாதே. விடுவேனா? ஏரிக்கு ஒரு நீலத் துண்டு, கொக்குக்கு ஒரு வெள்ளைத் துண்டு, அவர் கண் எதிரிலேயே உள்ளங்கை அளவுக்கு ஒரு கொடி தைத்தேன். ஓரத்தில் ஒரு மடிப்பு வைத்து, பிரிக்கிற ஊசியை அவர் கையில் கொடுத்தேன். நூலை ஒவ்வொன்றாக அவரே பிரித்தார். பீர்க்கன்கரணை நாடு முழு அளவுக்கு வந்தது. அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

நீங்கள் சாயந்திரம் வந்தீர்கள். உட்கார்ந்ததும் ஆரம்பித்தீர்கள். சபையில் என் மானத்தை வாங்கிவிட்டாய், இனிமேல் நான் எப்படி அங்கே தலை நிமிர்வேன், பாஸ்டர் அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் திட்டினீர்கள். திட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, "ஆனால்?" என்று கேட்டேன்.

"ஆனா ஒண்ணும் இல்ல. ஜாக்கெட்ட வெட்டு" என்றீர்கள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூட வந்து பார்த்தவர் நீங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சார் ரிட்டயர் ஆனதும் சமையல் கற்றுக்கொண்டு, உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்ட ஆரம்பித்ததும், அந்த எலுமிச்சம்பழச் சாதத்தைத் தின்ன முடியாமல் நீங்கள் என் கடைக்குக் கொண்டுவந்ததும், நான் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததும். வருஷா வருஷம் தோரணம் நீண்டுகொண்டே போனதும். எப்போதாவது நீங்கள் பாலம் இறங்கி வரும் வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். "புது நாடு வந்திருக்கு சரோஜா" என்பீர்கள், பிள்ளை பிறந்த செய்தி மாதிரி. குவைத்தில் பெண்களுக்கு ஓட்டு வந்து, அந்த ஆனாலை அவர்கள் வாபஸ் வாங்கிய செய்தி வந்தபோது, நீங்கள் கொடியைப் பிடித்துக்கொண்டீர்கள், நான் பிரித்தேன். ஒரு மடிப்புத்தான் பிரிந்தது, மற்றவை இருந்தன. இருக்கட்டும், துணி உள்ளேதான் இருக்கிறது என்றீர்கள். அன்று கடையில் இருந்த ஒரு அம்மாவின் தங்கை அங்கே வீட்டு வேலை செய்கிறாள். அவள் பங்குக்கும் ஒன்று பிரியுமா என்று அந்த அம்மா கேட்டாள். நீங்கள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு இது போதாது, அதற்கு வேறு சண்டை போட வேண்டும் என்றீர்கள். அடுத்த சனிக்கிழமையே அதற்கும் உட்கார்ந்தீர்கள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போனதைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியாக உங்களுக்கு உடுத்தினது அரக்குப் பட்டு. ஜாக்கெட் தளர்ந்திருந்தது, உடம்பு அவ்வளவு இறங்கிவிட்டது. அந்தக் கூட்டத்திலும் நான் ஊசி கேட்டு வாங்கி, உள்ளே பிடித்துத் தைத்தேன். துணியை வெட்டவில்லை மிஸ். அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது.

அமெரிக்கா விழுந்ததற்காக மட்டும் இதை எழுதவில்லை. நேற்று சாயந்திரம் சார் வந்தார். இப்போதெல்லாம் காலண்டரைப் பார்ப்பதில்லை, உரிமையாக ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பின்வரிசையில் போய் உட்கார்கிறாராம். அங்கே சொன்னார்கள் என்று பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். பாதி வெள்ளை, பாதி கருஞ்சிவப்பு, நடுவில் ரம்பத்தின் பல் மாதிரி மேலிருந்து கீழே வளைந்து வளைந்து போகிறது. கத்தார். அவரே கலர் பென்சிலில் தீட்டியிருந்தார்.

"புது நாடு வந்திருக்கும்மா" என்றார். அப்படிச் சொல்லும்போது உங்களை மாதிரியே புருவத்தைத் தூக்கினார். எனக்கு நூல் கோக்க வரவில்லை, அவர்தான் கோத்துக் கொடுத்தார்.

மடிப்பு உண்டா என்று கேட்டேன். நிறைய உண்டு என்றார். அந்தப் பல்லைத் தைப்பதற்குள் என் பல் போய்விடும், இதில் மடிப்பு வேறா என்று அலுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னார்.

"வெட்டிடாதீங்க. உள்ள விட்டுத் தைங்க."

தைத்துக்கொண்டிருக்கிறேன் மிஸ். அமெரிக்காவைத் தட்டி, மடித்து, டப்பாவில் மேலாக வைத்திருக்கிறேன், நாள் குறித்தால் தேடாமல் எடுக்க. இப்போது என் கடைக்கு வருகிற எந்தப் பெண்ணுக்கும், ஒல்லி, குண்டு என்று பார்ப்பதில்லை, அவள் கேட்காவிட்டாலும் மூன்று வரிசை தையல் போட்டு, உள்ளே துணி விட்டுத்தான் கொடுக்கிறேன். எதற்கு அக்கா இவ்வளவு என்று கேட்டால், நாளைக்கு வேண்டியிருக்கும் என்கிறேன். கல்யாணப் பெண்ணாக இருந்தால் மட்டும் கூட ஒரு கேள்வி கேட்பேன். மாப்பிள்ளை என்ன ஆனால் போட்டிருக்கிறார் என்று. சில பெண்கள் சிரிப்பார்கள். சிலர் சிரிக்காமல் ஸ்டூலில் உட்காருவார்கள். அப்போது நான் மிஷினை நிறுத்திவிடுவேன்.

நேற்று உட்கார்ந்த பெண்ணுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசிப்பு. உங்கள் கோயில்தான். பட்டுப்புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். பாஸ்டர் ஐயா என்னைக் கடைசி பெஞ்சில் பார்த்தாலே கண்ணாடியை இறக்கிவிடுவார், பார்க்கலாம்.